மைத்தாரை அச்சுப்பொறி மைப்பொதி

மைப்பொதி என்பது மைத்தாரை அச்சுப்பொறிகளில் பயன்படும் நீர்ம மையை அடக்கி வைத்து, தேவையான அளவில் அச்சுத்தலைக்கு வழங்கும், கழற்றி மாற்றத்தக்க கலன் ஆகும். பேச்சு வழக்கில் இது கார்ட்ரிட்ஜ் என்றே அழைக்கப்படுகிறது. வீடுகள், பள்ளிகள், சிறு அலுவலகங்கள், ஒளிப்படக் கடைகள், நகலகங்கள் ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்படுகிறது.

மைப்பொதிகளில் பெரும்பாலும் காணப்படும் பழுதுகள் இரண்டு. ஒன்று மை ஒழுகுதல், மற்றொன்று நுண்துளை அடைபடுதல். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், பொதியினுள் உள்ள அழுத்தச் சமநிலையும் நுண்துளையின் வாயிலில் நிகழும் ஆவியாதலும் கட்டுப்பாட்டை இழப்பதே இரண்டிற்கும் பொதுவான காரணமாகும். இப்பழுதுகளில் பல அச்சிடும்போது தோன்றுவதில்லை. அச்சுப்பொறி சும்மா இருக்கும் நேரத்திலும், பொதியை மாற்றும்போதும், கழற்றிய பொதியை எடுத்து வைக்கும்போதுமே தோன்றுகின்றன. எனவே முறையான பழக்கங்களால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்க இயலும்.

சேமிப்பிடத்தின் வெப்பம், ஈரப்பதம், தூசி, மின்வழங்கல் ஆகியவை மைப்பொதியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விளக்க, இக்கட்டுரையில் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுகப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

நீர்மத் தாரை ஒன்று தானாகவே துளிகளாக உடைவதன் கணித விளக்கத்தை இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு 1878இல் வெளியிட்டார். இக்கருத்தின் அடிப்படையில் மையைத் தாரையாகச் செலுத்திப் பதிவு செய்யும் கருவிக்கு, சுவீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்குவிஸ்ட் 1951இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இவரே உடலினுள் பொருத்தப்பட்ட முதலாவது இதயமுடுக்கியை வடிவமைத்தவரும் ஆவார்.

தேவைப்படும்போது மட்டும் துளியை வெளியேற்றும் முறை 1970களில் வளர்ச்சி பெற்றது. சீமென்சு நிறுவனம் அழுத்தமின் விளைவைப் பயன்படுத்தும் பிடி-80 என்னும் அச்சுப்பொறியை 1977இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசியின் மீது சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டபோது ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. இதனைக் கவனித்த இச்சிரோ எண்டோ வெப்பக் குமிழி முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கார்டு (எச்பி) நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இம்முறையைக் கண்டறிந்தார்.

எச்பி 1984இல் வெளியிட்ட திங்க்ஜெட் அச்சுப்பொறி மைப்பொதியின் வரலாற்றில் முதன்மையானது. அடைபட்ட நுண்துளைகளைப் பழுது பார்ப்பது கடினம் என்பதால், மை தீர்ந்தவுடன் அச்சுத்தலையையும் சேர்த்தே எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. இவ்வாறு அடைப்பு என்னும் பொறியியல் சிக்கலே, மாற்றத்தக்க பொதி என்னும் வடிவத்திற்கு ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. கேனன் பிஜே-80 1985இலும், எச்பி டெஸ்க்ஜெட் 1988இலும், எப்சன் நிறுவனத்தின் அழுத்தமின் முறையிலான எம்ஜே-500 1993இலும் வெளிவந்தன.

இந்திய அலுவலகங்களில் இதற்கு முன்னரும் பின்னரும் புள்ளி அச்சுப்பொறிகளே பரவலாக இருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த புள்ளி அச்சுப்பொறிகள் நாடெங்கும் அறியப்பட்டவை. சரக்குப் போக்குவரத்து, கிடங்கு, வங்கி போன்ற பணிகளில் கரிப்படித் தாள் வைத்து ஒரே நேரத்தில் பல படிகள் எடுக்க வேண்டியிருந்தது. தாளின் மீது தட்டி அச்சிடும் புள்ளி அச்சுப்பொறியால் இது இயலும். தாளைத் தொடாமல் துளியைத் தெளிக்கும் மைத்தாரை அச்சுப்பொறியால் இயலாது. மேலும் மைநாடா பல நாட்கள் சும்மா இருந்தாலும் அடைபடுவதில்லை. மைத்தாரை அச்சுப்பொறிகள் வண்ணம், ஒளிப்படம், குறைந்த விலை, குறைந்த ஓசை ஆகிய காரணங்களால் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இடம்பிடித்தன.

வகைகள்

பராமரிப்பு நோக்கில் மைப்பொதிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. அச்சுத்தலை இணைந்த பொதி: நுண்துளைத் தகடும் மின்தொடுப்புகளும் பொதியின் மீதே அமைந்திருக்கும். எச்பி, கேனன் நிறுவனங்களின் விலை குறைந்த அச்சுப்பொறிகள் பலவற்றில் இவ்வகை உள்ளது. பொதியை மாற்றும்போது அச்சுத்தலையும் புதிதாகிறது. எனவே அடைப்பு ஏற்பட்டால் இழப்பு அப்பொதியுடன் முடிந்துவிடும்.

2. தனித்த மைப்பொதி: பொதியில் மை மட்டுமே இருக்கும். அச்சுத்தலை அச்சுப்பொறியிலேயே நிலையாக இருக்கும். எப்சன் அச்சுப்பொறிகளும், கேனனின் பல வண்ண அச்சுப்பொறிகளும் இவ்வகையின. இங்கு அடைப்பு ஏற்பட்டால் அச்சுத்தலையை மாற்ற வேண்டியிருக்கலாம். அதன் விலை சில வேளைகளில் அச்சுப்பொறியின் விலையை நெருங்கும்.

3. மைத்தொட்டி: பொதிக்கு மாறாக, புட்டியிலிருந்து மை ஊற்றி நிரப்பும் நிலையான தொட்டி. எப்சன் இவ்வகை அச்சுப்பொறிகளை 2010இல் முதன்முதலில் இந்தோனேசியாவில் வெளியிட்டது. பின்னர் இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளிலும் பிற நிறுவனங்களிலும் இது பரவியது. இதில் பொதி மாற்றும் வேலை இல்லை. ஆயினும் அச்சுத்தலை அடைபடும் வாய்ப்பு இதிலும் உண்டு.

தன்னிடம் உள்ளது எந்த வகை என்பதைப் பயனர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வகைக்கு ஏற்ற கையாளுதல் மற்றொரு வகைக்குத் தீங்காக அமையக்கூடும்.

செயற்பாடு

நுண்துளையின் விட்டம் பொதுவாக 10 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இது மனிதத் தலைமயிரின் தடிமனைவிடச் சிறியது. வெப்ப முறையில், துளைக்கருகே உள்ள மிகச்சிறிய மின்தடை சில மைக்ரோ நொடிகளில் மையின் மெல்லிய படலத்தை ஏறத்தாழ 300 °செ வரை சூடாக்கும். அப்போது உருவாகும் நீராவிக் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். அழுத்தமின் முறையில், மின்னழுத்தம் கொடுக்கும்போது வளையும் படிகம் மையறையை அழுத்தித் துளியைத் தள்ளும். இன்றைய வீட்டு அச்சுப்பொறிகளில் ஒரு துளியின் கொள்ளளவு சில பிக்கோலிட்டர் அளவே ஆகும். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

துளையின் அடிப்பகுதி திறந்திருந்தும் மை தானாக ஒழுகாமல் இருப்பதற்குக் காரணம், பொதியினுள் வெளிக்காற்றைவிடச் சற்றே குறைவான அழுத்தம் நிலவுவதாகும். இக்குறை அழுத்தம் சில செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். மையை உறிஞ்சி வைத்திருக்கும் கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருளின் நுண்புழைக் கவர்ச்சியாலோ, வில் பொருத்திய பையாலோ இது உண்டாக்கப்படுகிறது. துளையின் வாயிலில் பரப்பு இழுவிசையால் மையின் பரப்பு உட்குழிந்த பிறை வடிவில் நிற்கிறது. மை குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பும் காற்று, பொதியின் மேற்பகுதியில் உள்ள சிறிய காற்றுத்துளை வழியாக உட்புகும்.

குறை அழுத்தம் மறைந்தால் மை ஒழுகும். அது மிகுந்தால் மை துளைக்கு வராது, காற்று உட்புகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள்தான் மைப்பொதி இயங்குகிறது.

ஒழுகுதலின் காரணங்கள்

பொதியினுள் உள்ள காற்று விரிவடைவது ஒழுகுதலுக்கு முக்கியக் காரணமாகும். நிலையான அழுத்தத்தில் 27 °செ வெப்பநிலையில் உள்ள காற்று 45 °செ வரை சூடானால் அதன் பருமன் ஏறத்தாழ 6% மிகும். மையிலிருந்து எழும் நீராவியும் சேர்வதால் உண்மையான விரிவு இதனினும் கூடுதலாக இருக்கும். காற்றுத்துளை வழியாக இக்காற்று வெளியேற இயலாவிட்டால் அது மையைக் கீழே தள்ளும். இதனால், முழுதும் நிரம்பிய புதிய பொதியைவிடப் பாதி தீர்ந்த பொதியே எளிதில் ஒழுகும். பாதி தீர்ந்த பொதியில் காற்று மிகுதியாக இருப்பதே இதன் காரணம்.

உயரமான இடங்களுக்குச் செல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. கடல்மட்டத்தில் உள்ள சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்திற்குக் கொண்டு செல்லப்படும் பொதியில், அடைபட்ட காற்று ஏறத்தாழ 30% விரிவடைய முயலும். வானூர்தியின் பயணிகள் அறையிலும் இதையொத்த அழுத்தக் குறைவு உண்டு.

பிற காரணங்கள் பின்வருமாறு:

- மறுநிரப்பலின்போது அளவுக்கு மிஞ்சி மை செலுத்துதல். நுரைப்பொருள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டினால் குறை அழுத்தம் இல்லாது போகும்.
- திறந்த பொதியைக் குலுக்குதல், தட்டுதல், கீழே போடுதல்.
- நுண்துளைத் தகட்டைத் தாள் அல்லது துணி மீது வைத்துவிடுதல். நுண்புழைக் கவர்ச்சியால் துணி மையை இழுத்துக்கொண்டே இருக்கும்.
- அச்சுப்பொறியைச் சாய்த்தோ கவிழ்த்தோ எடுத்துச் செல்லுதல். மைத்தொட்டி வகையில் இது கூடுதல் தீங்கானது.

அடைபடுதலின் காரணங்கள்

மையில் பெரும்பகுதி நீரே. அதனுடன் சாயம் அல்லது நிறமித்துகள்கள், விரைவில் உலராமல் காக்கும் கிளிசரால், கிளைக்கால் போன்ற பொருட்கள், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருட்கள், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை கலந்திருக்கும். துளை திறந்திருக்கும்போது முதலில் நீர் ஆவியாகிறது. மை பாகு போலத் தடித்து, பின்னர் துளையின் வாயிலில் ஏடு போலப் படிகிறது. சாய மையில் ஏற்படும் அடைப்பு நீர்பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். நிறமி மையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அதனைக் கரைப்பது கடினம்.

இதனைத் தடுக்கவே அச்சுப்பொறியின் ஓரத்தில் மூடியிடும் நிலையம் அமைந்துள்ளது. அச்சு முடிந்தவுடன் அச்சுத்தலை அங்குச் சென்று நிற்கும். இரப்பர் மூடி அதன் அடியில் பொருந்தி ஈரத்தைக் காக்கும். இரப்பர் மூடியில் தூசியோ உலர்ந்த மையோ தாள் இழையோ படிந்தால் அது சரியாகப் பொருந்தாது.

வெப்ப முறை அச்சுத்தலைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. மை முற்றிலும் தீர்ந்தபின் தொடர்ந்து அச்சிட்டால், மின்தடையைக் குளிர்விக்க மை இல்லாததால் அது எரிந்துபோகக்கூடும். இதனை எவ்வகைத் தூய்மையாக்கலாலும் சரிசெய்ய இயலாது.

சூழலின் தாக்கம்: வடசென்னை

உற்பத்தியாளர்களின் கையேடுகள் பல, அச்சுப்பொறி இயங்குவதற்கு ஏற்ற வெப்பநிலையாக ஏறத்தாழ 15 முதல் 32 °செ வரையான எல்லையைப் பரிந்துரைக்கின்றன. சென்னையில் மே மாதத்தில் பகல்நேர உயர் வெப்பநிலை சராசரியாக 37 °செ அளவைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 °செ பதிவானது. எனவே கோடைப் பகல்களில், குளிரூட்டப்படாத அறைகள் பரிந்துரைக்கப்பட்ட எல்லைக்கு வெளியே செல்வது இயல்பு.

ஈரப்பதம்: கடலோரக் காற்றின் ஈரப்பதம் அச்சுப்பொறிக்குத் தீங்கானது என்ற பொதுக்கருத்து ஒரு பகுதியே சரியானது. ஈரக்காற்றில் தாள் நெளியும், எழுத்து சற்றே பரவும், மின்தொடுப்புகளில் உப்புக்காற்றால் களிம்பு படியும். ஆனால் நுண்துளை அடைப்பைப் பொறுத்தவரை ஈரப்பதம் ஆவியாதலைத் தாமதப்படுத்துவதால் அது நன்மையே செய்கிறது. மாறாக, குளிரூட்டி இடைவிடாது இயங்கும் அறையின் காற்று வறண்டிருப்பதால், மூடி சரியாகப் பொருந்தாத அச்சுத்தலை அங்கு விரைவில் உலரும். குளிரூட்டிய அறையிலிருந்து பொதியை வெளியே எடுத்தவுடன் அதன் மீது நீர் பனித்துப் படிவதும் உண்டு. மின்தொடுப்புகள் முற்றிலும் உலர்ந்த பின்னரே பொதியைப் பொருத்த வேண்டும்.

தூசி: சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றைக் கையாள்வதால் எழுந்த தூசி இராயபுரம் பகுதி மக்களின் நெடுநாள் குறையாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2011இல் இச்சரக்குகள் அங்கிருந்து விலக்கப்பட்டன. நிலக்கரி கையாளுதல் எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது. சரக்குந்துகள் மிகுதியாக ஓடும் சாலைகளை நோக்கிய சாளரங்களின் அருகே அச்சுப்பொறியைத் திறந்து வைப்பது, இரப்பர் மூடியில் தூசி படிய வழிவகுக்கும். பயன்படுத்தாத நேரத்தில் தாள் தட்டுகளை மூடி, துணி உறையிட்டு வைப்பது நன்று.

மின்தடை: அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அச்சுத்தலை மூடியைச் சென்றடையாமல் நடுவழியில் நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறையின்போது, 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேரமும் பிற மாவட்டங்களில் அதைவிடக் கூடுதலாகவும் மின்வெட்டு இருந்தது. அந்நிலை பின்னர் நீங்கியது. ஆயினும் புயல் காலங்களில் மின்தடை தொடர்கிறது. 2016 திசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. மின்தடை ஏற்பட்டபின் மின்சாரம் திரும்பியவுடன் அச்சுப்பொறியை ஒருமுறை இயக்கி, அதன் பொத்தானால் நிறுத்துவதே போதுமானது. அச்சுத்தலை தானாகவே மூடிக்குச் சென்றுவிடும்.

இதே தீங்கு நாள்தோறும் சுவர் மின்விசையை அணைக்கும் பழக்கத்தாலும் நேர்கிறது. அச்சுப்பொறியை முதலில் அதன் பொத்தானால் நிறுத்தி, விளக்கு அணைந்த பிறகே சுவர் விசையை அணைக்க வேண்டும். சில வகை அச்சுப்பொறிகள் மின்இணைப்பு துண்டிக்கப்பட்டால் நேரக் கணக்கை இழந்து, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் துளைகளைத் தூய்மையாக்கும். இதனால் மை வீணாகும்.

மைப்பொதியை மாற்றும் முறை

1. மை குறைவு என்னும் எச்சரிக்கை வந்தவுடன் மாற்றத் தேவையில்லை. சோதனைத் தாள் அச்சிட்டு, எந்த நிறம் மங்குகிறது என்பதைக் கண்டபின் மாற்றலாம். எனினும் அச்சுத்தலை இணைந்த பொதியில் கோடுகள் விடுபடத் தொடங்கினால் தொடர்ந்து அச்சிடக்கூடாது.
2. புதிய பொதியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். தனித்த மைப்பொதி வகையில் இடத்தைக் காலியாக விட்டால், நிலையான அச்சுத்தலை உலர்ந்துவிடும்.
3. மேசையின் மீது பழைய செய்தித்தாளை விரித்து, கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும்.
4. அச்சுப்பொறி இயக்கத்தில் இருக்கும்போதே மூடியைத் திறக்க வேண்டும். பொதி தாங்கி மாற்றும் இடத்திற்கு வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதனைக் கையால் தள்ளக்கூடாது.
5. புதிய பொதியின் உறையைப் பொருத்தும் நேரத்தில் மட்டுமே பிரிக்க வேண்டும். செப்பு நிறத் தொடுப்புகளையும் நுண்துளைத் தகட்டையும் விரல் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை மின்தொடர்பைக் கெடுக்கும்.
6. நீக்குமாறு குறிக்கப்பட்டுள்ள ஒட்டுநாடாவை மட்டும், ஒரே சீராக இழுத்து நீக்க வேண்டும். தனித்த பொதிகளில் இந்நாடா காற்றுத்துளையை மூடியிருக்கும். அதனை நீக்க மறந்தால் சில பக்கங்களுக்குப் பின் மை வருவது நின்றுவிடும். பயனர் இதனை அடைப்பு என்று தவறாகக் கருதக்கூடும்.
7. பொதியைச் சாய்க்காமல் செருகி, சொடுக்கென்னும் ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும்.
8. மூடியபின் அச்சுப்பொறி மையை உள்ளிழுத்து முடிக்கும்வரை மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. பின்னர் நேர்ப்படுத்தும் தாளை அச்சிட வேண்டும்.

சேமித்தல்

பிரிக்காத பொதிகளை அவற்றின் உறையிலேயே, பெட்டியில் காட்டியுள்ள நிலையில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உறையின் மீது அச்சிட்டுள்ள காலாவதி நாளைக் கவனித்து, முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்துவது நன்று. பிரித்துப் பொருத்திய பொதியை ஆறு மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்குமாறு எப்சன் போன்ற நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன.

வெயிலில் நிறுத்திய மூடிய மகிழுந்தின் உட்புறமும், இருசக்கர வண்டியின் பெட்டியும் 50 °செ அளவைத் தாண்டக்கூடும். எனவே கடையிலிருந்து வாங்கிய பொதியை அங்கு விட்டுவைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தேவையற்றது. உறைநிலைக்குக் கீழே மை கெட்டுப்போகும். குளிர்ந்த பொதியைப் பயன்படுத்துமுன் குறைந்தது 3 மணி நேரம் அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும்.

பாதி பயன்படுத்திய பொதியைக் கழற்றி வைக்க நேர்ந்தால்:

- அச்சுத்தலை இணைந்த பொதியை, உற்பத்தியாளர் தரும் மூடி அல்லது பிடிப்பானில் பொருத்தி வைக்க வேண்டும்.
- அது இல்லையெனில், காற்றுப்புகா மூடியுள்ள ஞெகிழிப் பெட்டியில் வைக்கலாம். பெட்டியின் மூலையில் சற்றே நனைத்த பஞ்சு ஒன்றை, பொதியைத் தொடாதவாறு வைத்தால் உட்புறக் காற்று ஈரமாக இருக்கும்.
- நீக்கிய ஒட்டுநாடாவை நுண்துளைகளின் மீது மீண்டும் ஒட்டக்கூடாது. அதன் பசை துளைகளை அடைக்கும். நாடாவின் அடியில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள் நிறம் பச்சையாக மாறுவதும் உண்டு.
- நுண்துளைத் தகடு எப்பொருளின் மீதும் படக்கூடாது.
- தனித்த மைப்பொதியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. வெளிவாயிலில் தூசி படியாமல் காக்க வேண்டும்.

எனினும் பொதிகளுக்கு மிகவும் பாதுகாப்பான இடம், முறையாக நிறுத்தப்பட்ட அச்சுப்பொறியே ஆகும். வாரத்திற்கு ஒருமுறை எல்லா நிறங்களும் அடங்கிய சிறிய படம் ஒன்றை அச்சிட்டால் துளைகள் உலராது. இதற்குச் செலவாகும் மை, ஒருமுறை தூய்மையாக்கலில் வீணாகும் மையைவிடக் குறைவு.

அடைப்பை நீக்குதல்

முதலில் அச்சுப்பொறியின் மென்பொருளில் உள்ள துளைச் சோதனையைச் செய்து, பின்னர் தூய்மையாக்கலை இரண்டு அல்லது மூன்று முறை மட்டும் செய்ய வேண்டும். பயன் இல்லையெனில், அச்சுப்பொறியை ஓர் இரவு முழுதும் அப்படியே விட்டு மறுநாள் சோதிக்க வேண்டும். உலர்ந்த மை, புதிய மையில் ஊறிக் கரைவதற்கு இந்த நேரம் தேவை. தொடர்ந்து தூய்மையாக்கினால் மை தீர்வதுடன், அச்சுப்பொறியின் அடியில் உள்ள கழிவுமைப் பஞ்சும் நிரம்பிவிடும். அது நிரம்பியதாக அச்சுப்பொறி கணக்கிட்டால் அச்சிடவே மறுக்கும்.

அச்சுத்தலை இணைந்த பொதியெனில், இழை பிரியாத துணியை வெதுவெதுப்பான தூய நீரில் நனைத்து மடித்து, அதன் மீது நுண்துளைத் தகட்டை ஒன்றிரண்டு நிமிடங்கள் வைத்து எடுக்கலாம். துணியில் எல்லா நிறங்களும் தெளிவான பட்டைகளாகப் படிந்தால் அடைப்பு நீங்கிவிட்டது எனலாம். தேய்க்கக்கூடாது. மின்தொடுப்புகள் நனைந்திருந்தால் உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும்.

இதற்குப் பயன்படுத்தும் நீரும் முக்கியமானது. வடசென்னையை அடுத்த மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்துள்ளது. இத்தகைய உப்பு நீரும், பொதுவாக ஆழ்துளைக் கிணற்று நீரும், உலரும்போது உப்பைத் துளைகளில் படியச்செய்து அடைப்பை மிகுவிக்கும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். வண்டி மின்கலங்களில் ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் கனிமம் நீக்கிய நீர் எளிதில் கிடைக்கும் மாற்றாகும். அதனை மின்கல அமிலத்துடன் குழப்பிக்கொள்ளக்கூடாது.

மறுநிரப்பல்

அச்சுப்பொறி குறைந்த விலைக்கும் மைப்பொதி கூடிய விலைக்கும் விற்கப்படுவதால், தீர்ந்த பொதியில் மீண்டும் மை நிரப்புவது பரவலான வழக்கமாகும். அண்ணா சாலையை ஒட்டிய இரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் இதற்கான மையும் உதிரிப் பொருட்களும் கிடைக்கின்றன. மறுநிரப்பல் வெற்றி பெறப் பொதி முற்றிலும் உலர்வதற்கு முன்பே நிரப்புதல், சாய மைக்கும் நிறமி மைக்கும் இடையே மாற்றம் செய்யாதிருத்தல், மெதுவாகச் செலுத்துதல், நிரப்பியபின் காற்றுத்துளையை அடைக்காதிருத்தல் ஆகியவை தேவை. அச்சுத்தலை இணைந்த பொதியைச் சில முறைக்கு மேல் நிரப்பினால் மின்தடைகள் தேய்ந்துபோகும்.

பல பொதிகளில் மையின் அளவைக் கணக்கிடும் சில்லு உள்ளது. சில்லின் மூலம் பிற நிறுவனப் பொதிகளைத் தடுப்பது பல நாடுகளில் வழக்குகளுக்கு வழிவகுத்துள்ளது. விற்கப்பட்ட பொதியின் மீது உற்பத்தியாளரின் காப்புரிமை தொடராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு சீரொளி அச்சுப்பொறிகளின் மைத்தூள் பொதிகள் பற்றியதாயினும், மறுநிரப்பல் தொழில் முழுமைக்கும் முதன்மையான தீர்ப்பாகக் கருதப்படுகிறது.

பாதுகாப்பும் கழிவகற்றலும்

கையில் பட்ட மையைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவலாம். கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் நன்கு கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். பொதிகளையும் மைப்புட்டிகளையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் அச்சுப்பொறிகளையும் அவற்றின் மைப்பொதிகளையும் மின்னணுக் கழிவாக வகைப்படுத்தின. அவற்றிற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தீர்ந்த பொதிகளை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல், உற்பத்தியாளரின் திரும்பப் பெறும் ஏற்பாட்டிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூர் கிடங்கில் கொட்டப்பட்டு வந்துள்ளது. ஞெகிழி, உலோகம், மின்சுற்று, எஞ்சிய மை ஆகியவை ஒன்றாக இணைந்த மைப்பொதி அங்கு எளிதில் மக்காது. முறையாகச் சேமித்து முழுமையாகப் பயன்படுத்திய ஒவ்வொரு பொதியும், பயனருக்கு மிச்சமாவதுடன் இக்கழிவையும் குறைக்கிறது.